பரிணாமப் பாடமும் மதத் தலைவர்களும்: எதிர்ப்பு, உரிமை கோரல், மௌனம்



மதமும் அறிவியலும் என்ற தலைப்பில் வாதக் கட்டுரையோ விவாதக் கட்டுரையோ கொடுத்தால், நம் மாணவர்கள் எழுதுவது பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒரு பிரிவு, "மதத் தலைவர்கள் எப்போதுமே அறிவியலை எதிர்த்தார்கள், டார்வினையும் எதிர்த்தார்கள்" என்று எழுதும். இன்னொரு பிரிவு, "டார்வின் சொன்னதை நம் முன்னோர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்" என்று எழுதும். இரண்டுமே கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வரலாற்றைத் திறந்து பார்த்தால் இரண்டுமே நிற்காது.

பொதுப் பள்ளிகளில் பரிணாமம் கற்பிப்பது பற்றி நடந்த சண்டைகளில் மதத் தலைவர்கள் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. பாடத்தைத் தடுக்கச் சட்டம் கேட்டவர்களும் அவர்களில் உண்டு. அந்தச் சட்டத்தை உடைக்க நீதிமன்றம் போனவர்களும் உண்டு. "இது எங்களுடையதுதான்" என்று அணைத்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் பாடம் நின்றதா போனதா என்பதை முடிவு செய்தது, பாடத்திட்டத்தின் மேல் கை வைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுதான். இந்தக் கட்டுரை அதைத்தான் படிப்படியாகக் காட்டப் போகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம்

நாம் தமிழாசிரியர்கள். சொல்லில் இருந்து தொடங்குவதுதான் நமக்கு வசதி.

மலாயில் எவோலுசி என்கிறோம். தமிழில் மூன்று சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் பரிணாமம் அல்லது பரிணாம வளர்ச்சி. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கூர்ப்பு. தனித்தமிழ் விரும்புகிறவர்கள் படிமலர்ச்சி என்பார்கள்.

இதில் பரிணாமம் என்ற சொல்லுக்கு டார்வினைவிட வயது மிக அதிகம். வடமொழித் தத்துவ நூல்களில், ஒரு மூலப்பொருள் வேறொன்றாக மாறி விரிவதைக் குறிக்க அது பயன்பட்டது. பால் தயிராவது போல என்று உவமை சொல்வார்கள். சாங்கியமும் யோகமும் இந்தச் சொல்லைக் கையாண்டன. பிற்காலத்தில் உயிரியல் கருத்தைத் தமிழில் சொல்ல இதே சொல்லை எடுத்துக்கொண்டோம்.

இதனால் ஒரு சிக்கல். மாணவன் பரிணாமம் என்று கேட்கும்போது, "ஒரு உயிர் படிப்படியாக மேலே ஏறி மேலும் உயர்ந்ததாக மாறுவது" என்று நினைத்துக்கொள்கிறான். வளர்ச்சி என்ற சொல்லும் கூடச் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் உயிரியல் சொல்வது வேறு. ஓர் உயிரினக் கூட்டத்துக்குள் வேறுபாடுகள் இருக்கும். அந்தச் சூழலுக்குப் பொருந்துகிறவை அதிகம் பிழைத்து அதிகக் குட்டி போடும். தலைமுறை தலைமுறையாக அந்தக் கூட்டமே மாறும். தனி உயிர் எதுவும் மாறுவதில்லை. மேலே ஏறுவது என்ற பேச்சும் இல்லை. "குரங்கு மனிதனா மாறுறதை யாராச்சும் பார்த்தாங்களா?" என்ற கேள்வி வருவதே இந்தக் குழப்பத்தால்தான். மனிதனுக்கும் இன்றைய குரங்குகளுக்கும் பொது மூதாதை உண்டு என்பதுதான் கோட்பாடு.

நம் பக்கத்தில் நடந்த கதை

பரிணாமம் என்றால் இங்கிலாந்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பாதி நம் வட்டாரத்துக் கதை.

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியாரின் இடத்தில் தங்கித்தான் வண்டுகளைச் சேகரித்தார். அதே ஆண்டு மலாக்காவுக்கு வந்து குனோங் லேடாங் மலை ஏறினார். கோலா சாவாவில் இருந்து காரில் கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம், அவ்வளவு பக்கம். 1855இல் சரவாக்கில் இருந்துகொண்டு, புதிய இனங்கள் தோன்றுவது பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். 1858இல் இந்தோனேசியத் தீவுகளில் இருந்து டார்வினுக்கு அனுப்பிய கட்டுரையில் இயற்கைத் தேர்வு என்ற கருத்தைத் தானாகவே கண்டுபிடித்து எழுதியிருந்தார். 1858 ஜூலை 1இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்துகளும் சேர்த்தே வாசிக்கப்பட்டன. டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல்.

இதே வாலஸ் பிற்காலத்தில், மனித மனத்தை மட்டும் இயற்கைத் தேர்வால் விளக்க முடியாது, அதற்கு மேல் ஏதோ ஓர் ஆற்றல் வேண்டும் என்று சொன்னார். டார்வினுக்கு அது வருத்தம். கோட்பாட்டைக் கண்டுபிடித்த இரண்டு பேருக்குள்ளேயே இப்படி ஒரு வேறுபாடு!

டார்வினும் ஒரு காலத்தில் பாதிரியார் ஆகலாம் என்ற எண்ணத்தில் கேம்பிரிட்ஜில் படித்தவர்தான். 1860 ஜூனில் ஆக்ஸ்ஃபர்டில் பிஷப் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ் அவர் கருத்தை எதிர்த்துப் பேசியதும், தாமஸ் ஹக்ஸ்லி பதில் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் சார்லஸ் கிங்ஸ்லி என்ற இன்னொரு பாதிரியார் டார்வினைப் பாராட்டிக் கடிதம் எழுதியதையும், டார்வின் அந்தக் கருத்தைத் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டதையும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1882இல் டார்வின் இறந்தபோது உடல் அடக்கமானது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில். தொடக்கத்திலேயே மதத் தலைவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பு: டென்னசி, 1925

சண்டை பள்ளிக்கூடத்துக்குள் வந்தது அமெரிக்காவில். ஏன் அங்கே, ஏன் அப்போது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அரசு உயர்நிலைப் பள்ளிகள் வேகமாகப் பெருகின. அதுவரை நூலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் இருந்த டார்வின், விவசாயி வீட்டுப் பிள்ளையின் பாடப்புத்தகத்துக்குள் வந்துவிட்டார். "என் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் என் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தருவதா?" என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

வில்லியம் பெல் ரைலி என்ற பாப்டிஸ்ட் போதகர் 1919இல் உலகக் கிறிஸ்துவ அடிப்படைவாதிகள் சங்கத்தைத் தொடங்கினார். புகழ்பெற்ற பிரசங்கி பில்லி சண்டே 1925 தொடக்கத்தில் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பல நாள் பிரசங்கம் செய்து பரிணாமத்தைத் தாக்கினார். அந்தச் சூட்டிலேயே, ஜான் பட்லர் என்ற விவசாயச் சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 1925 மார்ச்சில் நிறைவேறியது. பைபிள் சொல்லும் படைப்பை மறுக்கும் கோட்பாட்டையும், மனிதன் கீழ்நிலை விலங்கில் இருந்து வந்தான் என்பதையும் அரசு நிதி பெறும் பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது. இதுதான் பட்லர் சட்டம்.

டேட்டன் என்ற சிற்றூரில் 24 வயது ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீது வழக்கு வந்தது. விசாரணை 1925 ஜூலை 10 முதல் 21 வரை. அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். ஆசிரியர் தரப்பில் கிளாரன்ஸ் டாரோ. பிரையனை அந்த வழக்குக்கு அழைத்தது ரைலியின் சங்கம். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். 1927இல் மாநில உச்ச நீதிமன்றம், அபராதத் தொகையை ஜூரி நிர்ணயிக்காமல் நீதிபதி நிர்ணயித்தார் என்ற நடைமுறைக் காரணத்தால் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் சட்டம் அப்படியே இருந்தது. 1967இல்தான் அது நீக்கப்பட்டது.

இங்கே மூன்று விஷயம் கவனியுங்கள்.

ஒன்று: பிரையன் மதகுரு இல்லை. மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்ற அரசியல்வாதி. மதத் தலைவர்கள் சூட்டை உண்டாக்கினார்கள். சட்டம் ஆக்கியவர்கள் அரசியல்வாதிகள்.

இரண்டு: பிரையனின் கவலை முழுவதும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. வலியவன் பிழைப்பான் என்ற பேச்சு போருக்கும் ஏழைகளை நசுக்குவதற்கும் நியாயம் ஆகிவிடுகிறது என்று அவர் அஞ்சினார். டேட்டனில் பயன்பட்ட ஹண்டரின் உயிரியல் பாடநூலிலேயே மனித இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தும் பகுதியும், "தகுதியற்றவர்கள்" பிள்ளை பெறக்கூடாது என்ற இனமேம்பாட்டுக் கருத்தும் இருந்தன. அறிவியல் பாடத்துக்குள் ஒட்டிக்கொண்ட அழுக்கு அது. நல்ல கட்டுரை எழுதுகிறவர் இதையும் சொல்வார்.

மூன்று: எதிர்ப்பின் பெரிய விளைவு நீதிமன்றத்தில் நடக்கவில்லை. வழக்குக்குப் பிறகு பாடநூல் வெளியீட்டாளர்கள் தாங்களாகவே பரிணாமத்தைச் சுருக்கினார்கள். சிலர் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவிய பிறகுதான் அமெரிக்கா அறிவியல் கல்வியைத் தூசி தட்டியது. 1960களின் புதிய உயிரியல் நூல்களில் பரிணாமம் திரும்பி வந்தது. ஒரு சட்டம், ஒரே ஒரு வழக்கு, முப்பது ஆண்டு மௌனம்.

வழக்குப் போட்ட பிஷப்புகள்

1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பரிணாமம் கற்பிக்கத் தடை விதிப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சொல்லிவிட்டது. எதிர்ப்பாளர்கள் உத்தியை மாற்றினார்கள். "தடை வேண்டாம்; படைப்பு அறிவியலுக்கும் சம நேரம் கொடுங்கள்" என்றார்கள். ஆர்கன்சாஸ் மாநிலம் 1981இல் அப்படி ஒரு சட்டம் கொண்டு வந்தது.

அதை எதிர்த்து யார் வழக்குப் போட்டார்கள் தெரியுமா? வழக்கின் பெயரே மெக்லீன் எதிர் ஆர்கன்சாஸ். மெக்லீன் ஒரு பாதிரியார். அவரோடு மெத்தடிஸ்ட், எபிஸ்கோபல், ரோமன் கத்தோலிக்க, ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் சபைகளின் பிஷப்புகளும் யூத அமைப்புகளும் சேர்ந்தார்கள். அவர்கள் தரப்பின் வாதத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி: ஒரு சபையின் வேத விளக்கத்தை அரசாங்கம் எடுத்து அறிவியல் என்று பெயர் வைத்துக் கற்பித்தால், மற்ற எல்லாச் சபைகளின் நம்பிக்கைக்கும் அது ஆபத்து. 1982 ஜனவரி 5இல் நீதிபதி வில்லியம் ஓவர்டன் சட்டத்தை ரத்து செய்தார். 1987இல் லூசியானா மாநிலத்தின் இதே மாதிரிச் சட்டத்தை உச்ச நீதிமன்றமும் தள்ளியது.

2004இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் பள்ளி வாரியம் "நுண்ணறிவு வடிவமைப்பு" என்ற பெயரில் அதே சரக்கைக் கொண்டுவந்தது. 11 பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்கம் சாட்சி சொன்னவர்களில் கென்னத் மில்லர் என்ற உயிரியலாளர் கத்தோலிக்கர். ஜான் ஹாட் கத்தோலிக்க இறையியலாளர். 2005 டிசம்பர் 20இல் நீதிபதி ஜான் ஜோன்ஸ் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

கத்தோலிக்கத் தலைமையின் நிலையும் காலத்தோடு நகர்ந்தது. 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடலின் தோற்றம் பற்றிய பரிணாம ஆய்வுக்குத் தடை இல்லை என்றார். ஆன்மா கடவுள் படைப்பு என்பதில் உறுதியாக நின்றார். 1996 அக்டோபரில் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று ஏற்றார்.

உரிமை கோரல்: அடையாற்றில் இருந்து அவுரங்காபாத் வரை

இனி நம் மரபுக்கு வருவோம். இந்து சமயத் தலைவர்கள் டேட்டன் மாதிரி டார்வினை எதிர்த்துப் பெரிய இயக்கம் நடத்தவில்லை. வேறொன்று நடந்தது: "இது நம்மிடம் முன்பே இருந்தது."

மீன், ஆமை, பன்றி, நரசிங்கம், வாமனன் என்று வரும் தசாவதார வரிசை பரிணாமத்தைக் காட்டுகிறது என்று நாம் கோயில் சொற்பொழிவுகளில் கேட்டிருப்போம். பழைய உரையாசிரியர் சொன்ன விளக்கம் போலத் தோன்றும். ஆனால் டார்வின் நூல் வந்து 18 ஆண்டு கழித்து, 1877இல், தியசாஃபிகல் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் தன் நூலில் இந்த ஒப்பீட்டைச் செய்தார். 1882இல் அந்தச் சங்கத்தின் தலைமையகம் சென்னை அடையாற்றுக்கு வந்தது. அதே 1882இல் வங்காளத்துப் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் தன் சொற்பொழிவில் அவதாரங்களைப் படிமுறை வளர்ச்சியாக விளக்கினார். ஆக, அவதாரக் கதைகள் பழையவை. "அவதாரமே டார்வின்" என்ற விளக்கம் டார்வினுக்குப் பிந்தியது.

சுவாமி விவேகானந்தர் இன்னும் நுட்பமாகப் பேசினார். 1893இல் சிக்காகோ போகும் வழியில் பினாங்கையும் சிங்கப்பூரையும் தொட்டுச் சென்றவர் அவர். பதஞ்சலியின் யோக நூலுக்கு எழுதிய விளக்கத்தில், வயலில் உழவன் மடையைத் திறந்தால் தண்ணீர் தானே பாய்வது போல, தடை நீங்கினால் இயற்கை தானே நிறைந்து ஓர் இனத்தை இன்னொன்றாக்குகிறது என்ற பதஞ்சலியின் உவமையை எடுத்துக்கொண்டார். போட்டிதான் முன்னேற்றத்துக்குக் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. பாருங்கள், "டார்வினும் பதஞ்சலியும் ஒன்று" என்று அவர் சொல்லவில்லை. எங்கே வேறுபடுகிறார் என்று தெளிவாகச் சொன்னார். அந்த நேர்மையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழில் மத நிறுவனங்களுக்கு வெளியே இருந்தும் இந்தக் கருத்து வந்தது. 1930களில் சிங்காரவேலர் குடி அரசு இதழில் எளிய தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். டார்வினியமும் அவர் பேசுபொருள்களில் ஒன்று. பாடநூலில் இருந்து மட்டும் அல்ல, இதழ்களில் இருந்தும் தமிழர்கள் பரிணாமத்தை அறிந்தார்கள்.

உரிமை கோரல் கேட்க நட்பாக இருக்கும். ஆனால் அது எதிர்ப்பாக மாற அதிக நேரம் ஆகாது. "எங்களுடையதே மேல்" என்று ஆரம்பித்தால், "அப்படியானால் டார்வின் எதுக்கு?" என்பது அடுத்த படி. 2018 ஜனவரியில் அவுரங்காபாத்தில் நடந்த ஒரு வைதிக மாநாட்டுக்கு வந்த அப்போதைய இந்திய மனிதவள மேம்பாட்டு இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, பள்ளி கல்லூரிப் பாடத்தில் இதை மாற்ற வேண்டும் என்றார். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டறிக்கை விட்டு மறுத்தன. மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர், இப்படிப் பேச வேண்டாம் என்று சொல்லி, பாடத்தை மாற்றும் திட்டம் இல்லை என்றார். அடுத்த ஆண்டு, 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர் தசாவதாரம் டார்வினைவிடச் சிறந்த கோட்பாடு என்று பேசினார்.

மௌனம்: சத்தம் இல்லாமல் போன பாடம்

இப்போது மிக முக்கியமான பகுதி.

அமைச்சர் சொன்னது சத்தமாக மறுக்கப்பட்டது. பாடம் சத்தம் இல்லாமல் போனது. கோவிட் காலத்தில் சுமையைக் குறைக்கிறோம் என்று இந்தியாவின் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி மன்றம் பல பகுதிகளை ஒதுக்கியது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் "பாரம்பரியமும் பரிணாமமும்" என்று இருந்த அத்தியாயம் "பாரம்பரியம்" மட்டும் ஆனது. கோவிட் முடிந்தும் நீக்கம் நிலைத்தது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுத் திறந்த மடல் வெளியிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது அதிகாரிகளின் பதில். உண்மைதான். ஆனால் பத்தாவதோடு நிறுத்துகிறவனும், வணிகப் பிரிவுக்குப் போகிறவளும் அதைப் பார்க்கப் போவதே இல்லை.

இந்த நீக்கத்தில் எந்த மடாதிபதியும் கையெழுத்துப் போடவில்லை. சொல்லப்பட்ட காரணம் பாடச்சுமை. 2017இல் துருக்கியும் இப்படித்தான் ஒன்பதாம் வகுப்பில் இருந்து பரிணாமத்தை எடுத்தது. மாணவர்களுக்குப் புரியாது, சர்ச்சைக்குரியது என்பது அங்கே சொன்ன காரணம். டேட்டனில் ஆசிரியருக்காவது நீதிமன்றம் இருந்தது. அதிகாரி மேசையில் நடக்கும் நீக்கத்துக்கு வாதாட மேடையே இல்லை.

இதற்கு நேர்மாறாக, தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று தனி அலகே இருக்கிறது. ஒரே நாடு, ஒரே வகுப்பு, இரண்டு பாடத்திட்டம், இரண்டு முடிவு. அதிகாரம் யார் கையில் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நம் நாட்டிலோ டேட்டன் மாதிரி வழக்கு நடந்ததில்லை. படிவம் ஐந்து உயிரியலில் பல்லுயிர்மை இருக்கிறது, பெவாரிசான் இருக்கிறது, வாரியாசி இருக்கிறது; பரிணாமம் என்ற பெயரில் தனி அத்தியாயம் கிடையாது. ஆறாம் படிவ உயிரியலுக்குப் போனால் இயற்கைத் தேர்வு வந்து நிற்கும். அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? கைப்பேசியில் வரும் காணொளியும், தெரிந்த அண்ணன் சொன்னதும், ஞாயிறு சமய வகுப்பில் காதில் விழுந்ததும்தான். தோட்டப்புறத்தில் இருந்து வரும் பிள்ளைக்கு டியூஷனும் நூலகமும் தூரம் என்றால், இடைவெளி இன்னும் பெரியது.

தமிழாசிரியர் கையில் இருப்பது

"இது உயிரியல் டீச்சர் வேலை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நம் பாடத்திலேயே இது வந்து நிற்கிறதே!

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. புல் மரம் ஓரறிவு, சிப்பி நத்தை போன்றவை ஈரறிவு, எறும்பு கறையான் மூவறிவு, நண்டு தும்பி நான்கறிவு, விலங்கு ஐந்தறிவு, மனிதர் ஆறறிவு. அருமையான வகைப்பாடு. புலன்களைக் கொண்டு உயிர்களைப் பிரித்த கூர்ந்த பார்வை. ஆனால் ஒன்றில் இருந்து இன்னொன்று தோன்றியது என்று தொல்காப்பியர் அங்கே சொல்லவில்லை. அது வகைப்பாடு, பரிணாமம் அல்ல.

திருவாசகத்துச் சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் பல பிறவிகளை வரிசையாகச் சொல்வதை நம் பிள்ளைகள் திருமுறை ஓதும் போட்டிக்கே மனப்பாடம் செய்கிறார்கள். அங்கே பேசப்படுவது ஓர் ஆன்மா பிறந்து பிறந்து களைத்து இறைவனைச் சேரும் ஏக்கம். டார்வின் பேசுவது உயிரினக் கூட்டங்கள் தலைமுறைகளில் மாறுவது. முன்னதில் ஒரே உயிர் பல உடல் எடுக்கிறது. பின்னதில் ஆன்மா என்ற பேச்சே இல்லை. "மாணிக்கவாசகர் டார்வினுக்கு முன்னோடி" என்று எழுதினால் இருவருக்கும் அநியாயம். பக்திப் பாடலின் உருக்கம் போய்விடும்; அறிவியலின் பொருளும் போய்விடும்.

இதைச் சொல்வதால் மாணவனின் நம்பிக்கை குறையாது. இரண்டு நூல்களும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று பிரித்துக் காட்டுகிறோம், அவ்வளவுதான். ஆர்கன்சாஸ் பிஷப்புகள் செய்ததும் இதைத்தான்.

"டீச்சர், அப்படின்னா சாமி இல்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பதறாதீர்கள். "சாமி உண்டா இல்லையான்னு இந்தப் பாடம் சொல்லலை. உயிரினங்கள் எப்படி மாறுதுன்னு மட்டும்தான் சொல்லுது" என்ற பதில் போதும். வகுப்பில் முஸ்லிம், கிறிஸ்துவ, இந்துப் பிள்ளைகள் யார் இருந்தாலும் இதே பதில்தான். யார் நம்பிக்கையையும் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. பாடத்தின் பொருளை மாற்றவும் உரிமை இல்லை.

எடுத்துக்காட்டு தோட்டத்திலேயே இருக்கு

டார்வின் தன் நூலைத் தொடங்கியது குரங்கில் அல்ல. மனிதர்கள் வளர்க்கும் புறாவிலும் மாட்டிலும் பயிரிலும் தொடங்கினார். கோலா சாவா பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பழக்கமான பொருள் உண்டு: ரப்பரும் செம்பனையும்.

அதிகப் பால் தரும் ரப்பர் மரத்தைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள், ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்கள் அப்படி வந்தவைதான். செம்பனையில் டூராவையும் பிசிஃபெராவையும் கலந்து தெனேரா கிடைத்தது. மனிதன் கைத்தேர்வு இது. இயற்கைத் தேர்வுக்கும் தோட்டமே சாட்சி. கிளைஃபோசேட் களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் அடித்த நிலத்தில், அந்த மருந்துக்கு மசியாத ஒரு புல்வகை 1990களின் இறுதியில் மலேசியாவிலேயே பதிவானது. மருந்தைத் தாங்கிய சில செடிகள் பிழைத்தன, விதை போட்டன, நிலம் முழுக்க அவையே நின்றன. எந்தப் புல்லும் "மாறவேண்டும்" என்று நினைக்கவில்லை. மருந்து அடித்த அப்பாவைக் கேட்டால் பிள்ளைக்குத் தெரியும், "முன்ன மாதிரி சாக மாட்டேங்குது" என்று. அந்த ஒரு வாக்கியத்தில் இருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

தேர்வு மாணவர்களுக்கு

இந்தத் தலைப்பில் எழுதும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

1. "மதத் தலைவர்கள்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். யார், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். 1925க்கு ரைலி, 1982க்கு மெக்லீனும் பிஷப்புகளும், 1996க்கு போப் இரண்டாம் ஜான் பால்.

2. செல்வாக்கு வேறு, அதிகாரம் வேறு. மேடைப் பேச்சு செல்வாக்கு. சட்டமன்றம், நீதிமன்றம், பள்ளி வாரியம், பாடநூல் மன்றம் ஆகியவை அதிகாரம். ஒன்று மற்றதை எப்படித் தூண்டியது என்று காட்டினால் கட்டுரை ஆழமாகும்.

3. எதிர்ப்பு, உரிமை கோரல், மௌனம் என்ற மூன்றுக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டுக் கொடுங்கள்.

4. எதிர்த்தரப்பின் நியாயமான கவலையையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஹண்டர் பாடநூல் இதற்குப் பொருத்தம்.

பயிற்சி வினாக்கள்:

அ) டேட்டன் வழக்கில் ஸ்கோப்ஸ் பெற்ற தண்டனை சிறியது, அதன் விளைவு பெரியது. விளக்குக.

ஆ) 1925 டென்னசியையும் 2022-23 இந்தியப் பாடநூல் நீக்கத்தையும் ஒப்பிட்டு, மதத் தலைவர்களின் பங்கை மதிப்பிடுக.

இ) தொல்காப்பிய உயிர் வகைப்பாடும் பரிணாமக் கோட்பாடும் எங்கே வேறுபடுகின்றன?

ஆசிரியர்களே, மூன்றாம் வினாவை அடுத்த வாரமே வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். "நம் முன்னோர் முன்பே சொன்னார்கள்" என்று எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையில் "தவறு" என்று மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். "எந்த நூலில், எந்தப் பொருளில் சொன்னார்கள்?" என்று ஓரத்தில் எழுதுங்கள். பதில் தேடிக்கொண்டு அந்தப் பிள்ளை தொல்காப்பியத்தையும் திறக்கும், உயிரியல் புத்தகத்தையும் திறக்கும்.